மரியா சிபில்லா மெரியன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த மெரியன்?

ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் 1647 ஏப்ரல் 2 அன்று பிறந்து, 1717 ஜனவரி 13 அன்று ஆம்ஸ்டர்டாமில் காலமான ஓவியர். செப்புத் தகட்டில் படம் செதுக்கத் தெரிந்தவர், தன் புத்தகங்களைத் தானே பதிப்பித்தவர், வண்ணம் விற்றுப் பிழைத்தவர், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் புழு வளர்த்தவர். பட்டாம்பூச்சியை அழகுக்காக வரைந்தவர்கள் அவருக்கு முன்பும் உண்டு. மெரியன் அது முட்டையாய், புழுவாய், கூடாய், சிறகு விரித்த பூச்சியாய் மாறும் கதை முழுவதையும், அது தின்னும் செடியின் மேலேயே வைத்து, ஒரே தாளில் வரைந்தார். பள்ளிப் பாடநூலில் இப்படிப்பட்ட படத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இதில் புதுமை தெரியாது. அப்படி ஒரு படமே புழக்கத்தில் இல்லாத காலத்தில் அதை யோசித்துப் பார்த்தவர் என்பதுதான் எனக்கு இவர்மேல் தீராத மரியாதை வரக் காரணம்.

ஓவியம் யாரிடம் கற்றார்?

வீட்டிலேயே. தந்தை மத்தேயுஸ் மெரியன் ஐரோப்பா முழுக்கப் பெயர் பெற்ற செதுக்கு ஓவியர். நகரக் காட்சிகளையும் வரைபடங்களையும் அச்சிட்ட பதிப்பாளர். ஆனால் மகளுக்கு மூன்று வயதிலேயே அவர் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு தாய் யாக்கோப் மாரெல் என்ற பூ ஓவியரை மறுமணம் செய்துகொண்டார். இந்த மாற்றாந்தந்தைதான் உண்மையான ஆசிரியர். மாரெலின் பட்டறையில் வண்ணம் அரைப்பதும், தோல்தாளில் மெல்லிய தூரிகையால் பூவிதழுக்கு நிழல் ஏற்றுவதும், செப்புத் தகட்டில் கோடு இழுப்பதும் சிறுமிக்குக் கைவந்தன.

மாரெலின் பூச்சாடி ஓவியங்களில் ஒரு வண்டோ ஈயோ ஓர் ஓரமாக உட்கார்ந்திருக்கும். அந்த மரபில் அது அலங்காரம். அந்த ஓரத்துப் பூச்சியைத்தான் மெரியன் பிற்பாடு படத்தின் நடுவுக்குக் கொண்டுவந்தார்.

பூச்சிகள்மேல் ஆர்வம் எப்போது வந்தது?

பதின்மூன்று வயதில், 1660இல், பட்டுப்புழுவிலிருந்து. பட்டுப்புழு எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனால் மற்றப் புழுக்களிலிருந்து இதைவிட அழகான பட்டாம்பூச்சிகளும் அந்துப்பூச்சிகளும் வருகின்றனவே என்று கவனித்ததும், கண்ணில் பட்ட புழுவையெல்லாம் சேகரித்து வளர்க்கத் தொடங்கியதாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அப்போது படித்தவர்களில் பலர்கூட, பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய இறைச்சியிலிருந்தும் தாமாகவே உண்டாகின்றன என்று நம்பினார்கள். அரிஸ்டாட்டில் காலத்து நம்பிக்கை அது. இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி, மூடிய சாடியில் வைத்த இறைச்சியில் புழு வருவதில்லை என்று காட்டிய சோதனையை வெளியிட்டது 1668இல். அதற்கு எட்டு ஆண்டு முன்பே ஃபிராங்க்ஃபர்ட்டில் ஒரு பெண்பிள்ளை பெட்டிக்குள் புழு வளர்த்துக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் உருமாற்றத்தைக் கண்டுபிடித்தது மெரியன்தானா?

இல்லை. இணையத்தில் பலர் அப்படி எழுதுகிறார்கள், அது சரியல்ல. நெதர்லாந்தின் யோஹானஸ் குடார்ட் அவருக்கு முன்பே புழு, கூடு, பட்டாம்பூச்சி மூன்றையும் வரைந்து வெளியிட்டார். யான் ஸ்வாமர்டாம் பூச்சியின் உடலை அறுத்தே ஆராய்ந்தார். ஆனால் குடார்டின் படங்களில் முட்டை இல்லை. பூச்சிகள் தாமாக உண்டாகின்றன என்பதை அவர் நம்பியவர். எந்தச் செடியில் வாழ்கிறது என்பதும் அந்தப் படங்களில் இருக்காது.

மெரியன் சேர்த்தவை அந்த இரண்டும்தான்: முட்டை, இரைச்செடி. கேட்கச் சிறிய விஷயம்போல இருக்கும். ஆனால் ஒரு புழுவுக்கும் ஒரு செடிக்கும் உள்ள உறவைக் காட்டினால்தான் அந்தப் புழு ஏன் அங்கே இருக்கிறது என்பது விளங்கும். சூழலியல் என்ற சொல் பிறப்பதற்கு ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்த வேலை இது.

அவர் எப்படி வேலை செய்தார்?

பொறுமையாக. வேறு குறுக்கு வழி அதில் கிடையாது. புழுவைப் பிடிக்கும்போது அது எந்தச் செடியில் இருந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். தினமும் அதே செடியின் புதிய இலையைப் போட வேண்டும். இலை மாறினால் பல புழுக்கள் தின்ன மாட்டா. பட்டினி கிடந்து செத்துப்போகும். எத்தனை நாளில் தோலுரித்தது, எப்போது கூடு கட்டியது, என்ன நிறத்தில் வெளிவந்தது என்றெல்லாம் எழுதிவைக்க வேண்டும். ஒன்று செத்தால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும்.

அவருடைய ஆய்வுக் குறிப்பேடு இன்று ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், அறிவியல் கழகத்தின் வசம் இருக்கிறது. சிறு சிறு தோல்தாள் துண்டுகளில் ஒவ்வொரு நிலையையும் உயிருள்ளதைப் பார்த்தே வரைந்து, நீலக் காகிதச் சட்டத்தில் பொருத்தி, எதிரே குறிப்பு எழுதியிருக்கிறார். முப்பது ஆண்டு கழித்து ஒரு பெரிய படத்துக்குப் புழு தேவைப்பட்டால் இந்தத் துண்டை எடுத்துப் பார்த்து வரைவார். பெரிய ஓவியங்களின் நேர்த்திக்கு வேர் இந்தச் சின்னத் துண்டுகள்தான்.

சில நேரம் கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாக ஈக்களோ சிறு குளவிகளோ கூட்டமாக வெளியே வந்தன. புழுவின் உடலுக்குள் முட்டையிட்டு வளரும் ஒட்டுண்ணிகள் அவை. அப்போது அதற்கு விளக்கம் இல்லை. விளங்கவில்லை என்பதற்காக அவர் ஒதுக்கிவிடவில்லை; பார்த்தபடி வரைந்து வைத்தார்.

நானும் ஒருமுறை எலுமிச்சை இலையில் கிடைத்த புழு ஒன்றை அட்டைப் பெட்டியில் வளர்த்துப் பார்த்தேன். முதலில் பறவை எச்சம்போல இருந்தது, பிறகு பச்சையாக மாறியது. ஒரு நாள் இலை போட மறந்தேன். மறுநாள் பார்த்தால் இலைக்காம்பைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றுவிட்டுப் பெட்டியின் மூலையில் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒற்றைப் புழுவுக்கே இந்தப் பாடு. மெரியன் ஐரோப்பாவில் மட்டும் 186 வகைப் பூச்சிகளின் வளர்ச்சியைப் பதிவு செய்தார் என்று படித்தபோது, அந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் இலைகளைத்தான் முதலில் நினைத்துக்கொண்டேன்.

திருமணம், குடும்பம்?

1665இல் மாரெலின் மாணவரான யோஹான் ஆண்ட்ரியாஸ் கிராஃப் என்ற ஓவியரை மணந்தார். மூத்தவள் யோஹான்னா ஹெலினா 1668இல் பிறந்தாள். 1670இல் குடும்பம் கணவரின் ஊரான நூரம்பெர்க்குக்குக் குடிபெயர்ந்தது. இளையவள் டொரோத்தியா மரியா பிறந்தது 1678இல். இரண்டு மகள்களும் தாயிடமே கற்று ஓவியர்களானார்கள்.

மணவாழ்க்கை நிலைக்கவில்லை. 1680களின் நடுவில் மெரியன் தாயையும் மகள்களையும் அழைத்துக்கொண்டு நெதர்லாந்தின் ஃப்ரீஸ்லாந்துப் பகுதியில் வீவெர்ட் என்ற ஊரில் இருந்த லபாடிஸ்ட் சமயக் குழுவில் சேர்ந்தார். சொத்தைப் பொதுவில் வைத்து எளிமையாக வாழ்ந்தவர்கள் அவர்கள். கணவர் தேடி வந்தார். மெரியன் திரும்பிப் போகவில்லை. 1692இல் மணவிலக்கு முடிந்தது. அதன் பிறகு தந்தையின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டார்.

ஒரு பெண்ணாக அந்தக் காலத்தில் ஓவியத்தை நம்பி வாழ முடிந்ததா?

முடிந்தது, ஆனால் சுற்றுவழியில். நூரம்பெர்க்கில் எண்ணெய் வண்ணத்தில் தீட்டி விற்கும் உரிமை ஆண்களுக்கே இருந்தது. பெண்களுக்கு விட்டுவைத்தது நீர்வண்ணமும் பூத்தையலும். மெரியன் அந்த இரண்டையும் தொழிலாக்கினார். வசதியான வீட்டுப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்றுக்கொடுத்தார். வண்ணப்பொடி விற்றார். துணியில் தீட்டித் துவைத்தாலும் போகாத வண்ணம் செய்தார். 1675 முதல் 1680 வரை மூன்று பகுதிகளாகப் பூக்களின் படப்புத்தகம் வெளியிட்டார்; தையல்காரப் பெண்கள் அதைப் பார்த்துத் துணியில் பூப்போடுவதற்காக.

1679இல் வந்தது அவருடைய முதல் புழுப் புத்தகம். புழுக்களின் வியக்கத்தக்க மாற்றமும் அவற்றின் பூ உணவும் என்பது தலைப்பின் பொருள். 50 செப்புத்தகட்டுப் படங்கள். 1683இல் இன்னும் 50 படங்களோடு இரண்டாம் பகுதி. அறிஞர்களின் மொழியான லத்தீனில் எழுதாமல், எல்லோரும் பேசிய ஜெர்மன் மொழியில் எழுதினார்.

சுரினாமுக்கு ஏன் போனார்?

1691இல் ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்தார். கப்பல்கள் உலகத்தையே கொண்டுவந்து கொட்டிக்கொண்டிருந்த நகரம். நிக்கோலாஸ் விட்சன், ஃப்ரெடெரிக் ருயிஷ் போன்றோரின் காட்சிக்கூடங்களில் அமெரிக்கப் பட்டாம்பூச்சிகளைப் பார்த்தார். ஊசி குத்திய, வரிசையாக அடுக்கிய, செத்த பூச்சிகள். எந்தப் புழுவிலிருந்து வந்தது, எதைத் தின்றது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் குறைதான் தன்னைப் பயணத்துக்குத் தள்ளியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அரசோ நிறுவனமோ அனுப்பிய பயணம் அல்ல இது. தன் 255 ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டினார். 1699இல், 52 வயதில், 21 வயது டொரோத்தியாவுடன் கப்பலேறினார். தென் அமெரிக்காவின் வடகரையில் இருந்த டச்சுக் குடியேற்றம் சுரினாம். இரண்டு மாதக் கடல் பயணம்.

சுரினாமின் தலைநகரான பாரமாரிபோவில் வீட்டுத் தோட்டத்திலேயே செடிகளை வளர்த்தார். ஆற்றுவழியே தோட்டப் பண்ணைகளுக்குப் போனார். ஆட்களை வைத்துக் காட்டில் வழி வெட்டிச் சென்றார். சர்க்கரையைத் தவிர வேறொன்றைத் தேடுகிறாளே என்று பண்ணை முதலாளிகள் தன்னைக் கேலி செய்ததாகக் குறித்திருக்கிறார். ஐந்தாண்டு தங்குவதாக நினைத்திருந்தார் என்று சொல்வார்கள். அந்த வெப்பமும் காய்ச்சலும் விடவில்லை. 1701இல் நோயோடு திரும்பினார். மலேரியாவாக இருக்கலாம் என்பது பலர் கருத்து.

அங்கே அவருக்கு உதவியவர்கள் யார்?

இந்தக் கேள்வியை யாரும் தவிர்க்கக் கூடாது. சுரினாம் சர்க்கரைப் பண்ணைகளின் நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த மக்களையும் பழங்குடியினரையும் அடிமைகளாக வைத்து நடந்த நாடு. மெரியனுக்குச் செடிகளைக் காட்டியவர்களும், புழு பிடித்துத் தந்தவர்களும், காட்டில் வழி வெட்டியவர்களும் அவர்கள்தான். எந்த இலையை எதற்குப் பயன்படுத்துவார்கள் என்ற அறிவும் அவர்களுடையது. உள்ளூர்ப் பெண் ஒருத்தியைத் தன்னோடு ஆம்ஸ்டர்டாமுக்கே அழைத்துவந்தார். புத்தகத்தில் அவர்களில் யாருக்கும் பெயர் இல்லை.

ஆனால் அவர்கள் சொன்னதை அவர் மறைக்கவில்லை. மயில்கொன்றை ஓவியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பும் மஞ்சளுமாக நாம் வேலியோரத்தில் பார்க்கிற அதே பூ. தண்டில் ஒரு பச்சைப் புழு. மேலே அதிலிருந்து வந்த அந்துப்பூச்சி. பக்கத்தில் உள்ள குறிப்பில், அடிமைப் பெண்கள் இந்தச் செடியின் விதையைத் தின்று கருவைக் கலைத்துவிடுகிறார்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாது என்பதற்காக, என்று எழுதியிருக்கிறார். கொடுமை தாங்காமல் சிலர் உயிரையே மாய்த்துக்கொள்கிறார்கள், மறுபிறப்பில் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்று நம்புகிறார்கள், இதைத் தன்னிடம் அவர்களே சொன்னார்கள் என்கிறார். ஒரு பூச்சிப் புத்தகத்தில், 1705இல், இது அச்சாகியிருக்கிறது. அவர் அந்த அமைப்பை எதிர்த்துப் போராடியவர் அல்லர். அதன் பயனை அனுபவித்தவர். இரண்டையும் சேர்த்தே அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்த 1705ஆம் ஆண்டுப் புத்தகத்தின் சிறப்பு என்ன?

சுரினாம் பூச்சிகளின் உருமாற்றம் என்பது அதன் தலைப்பு. லத்தீனிலும் டச்சு மொழியிலும் வந்தது. பெரிய தாள், 60 படங்கள். செடியும் பூச்சியும் பெரும்பாலும் இயல்பான அளவிலேயே. அவரே பதிப்பாளர், முன்பணம் கட்டியவர்களை நம்பி அச்சிட்டார். தகடுகளில் மிகச் சிலவற்றைத் தானே செதுக்கி, மற்றவற்றைத் தேர்ந்த செதுக்குநர்களிடம் கொடுத்தார்.

தொழில்நுட்பமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். சில பிரதிகளுக்கு அவர் எதிரச்சு முறையைக் கையாண்டார். தகட்டிலிருந்து எடுத்த அச்சு ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் வேறொரு தாளை வைத்து அழுத்துவது. கோடுகள் மங்கலாக விழும், தகட்டின் விளிம்புத் தடமும் இருக்காது. அதன்மேல் நீர்வண்ணம் தீட்டினால் அச்சுப்படம் என்றே தெரியாது. கையால் வரைந்த ஓவியம்போல நிற்கும்.

அவர் தவறே செய்ததில்லையா?

செய்திருக்கிறார். புகழ்பெற்ற கொய்யாக்கிளைப் படத்தில் ஒரு பெரிய சிலந்தி ஹம்மிங்பேர்ட் என்ற சிறு பறவையைத் தின்கிறது. சுற்றிலும் இலைவெட்டி எறும்புகள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிலர் இது கட்டுக்கதை என்று எள்ளினார்கள். பிறகு அமேசானில் இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ் பறவையைக் கொல்லும் சிலந்தியைத் தானே கண்டு 1863இல் எழுதியதும் அந்தக் கேலி அடங்கியது. ஆனால் அதே படத்தில் கூட்டில் நான்கு முட்டைகள் இருக்கின்றன. அந்தப் பறவை இடுவது இரண்டே. இலைவெட்டி எறும்பையும் படையெறும்பையும் ஒன்றாகக் குழப்பியும் இருக்கிறார்.

இன்னொன்று, விளக்குப்பூச்சி. பழங்குடியினர் ஒரு பெட்டி நிறையப் பிடித்துத் தந்தார்கள். இரவில் பெட்டிக்குள் ஒரே இரைச்சல். பயந்து எழுந்து, விளக்கேற்றி, பெட்டியைத் திறந்தால் உள்ளேயிருந்து தீப்பிழம்புபோல ஒளி வந்ததாம். அந்த வெளிச்சத்தில் செய்தித்தாளே படிக்கலாம் என்று எழுதினார். அவருக்குப் பின் வந்த ஆய்வாளர்கள் யாராலும் அந்தப் பூச்சி ஒளிர்வதை உறுதிப்படுத்த முடியவில்லை.

எதைத் தானே வளர்த்துப் பார்த்தாரோ அதில் அவர் பெரும்பாலும் தவறவில்லை. ஓரிரவு பார்த்ததிலும் கேட்டு எழுதியதிலும்தான் பிழைகள் அதிகம்.

பூச்சிகளை எப்படிக் கெடாமல் வைத்தார்?

கடிதமொன்றில் சொல்லியிருக்கிறார். தையல் ஊசியின் முனையைத் தீயில் பழுக்கக் காய்ச்சிப் பட்டாம்பூச்சியின் உடலில் குத்தினால் உடனே இறந்துவிடும், சிறகு சிதையாது. வைக்கும் பெட்டியில் லாவெண்டர் எண்ணெய் தடவினால் வேறு பூச்சி அரிக்காது. பாம்பு, பல்லி வகைகளைச் சாராயத்தில் போட்டு வைத்தார். இவற்றை விற்றும் பணம் பார்த்தார்.

கடைசிக் காலம்?

பக்கவாதம் தாக்கியது, கை முன்போல ஓடவில்லை. மூன்றாவது புழுப் புத்தகம் அவர் இறந்த 1717இல் டொரோத்தியாவின் முயற்சியால் வெளிவந்தது. அதே சமயத்தில் ரஷ்யப் பேரரசர் பீட்டருக்காக அவருடைய மருத்துவர் மெரியனின் ஓவியங்களைப் பெருந்தொகையாக வாங்கினார். குறிப்பேடும் இப்படித்தான் ரஷ்யா போனது. டொரோத்தியாவும் கணவர் கியோர்க் க்ஸெலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறினார்கள். அங்கே பிறந்த மெரியனின் பேத்தி சலோமே அபிகாயில், 1776இல் கணித மேதை லியோனார்ட் ஆய்லரின் இரண்டாம் மனைவியானார். இதை முதலில் படித்தபோது நம்பாமல் இன்னொரு முறை சரிபார்த்தேன்.

அறிவியலில் அவர் பெயர் எங்கே இருக்கிறது?

உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ், பல உயிரினங்களுக்குப் பெயரிடும்போது மெரியனின் படங்களை ஆதாரமாகக் காட்டினார். மெரியானியா என்ற செடிப் பேரினம், தென் அமெரிக்காவின் ஒரு பெரிய பல்லி, ஒரு தேரை, ஒரு சிலந்தி எனப் பலவற்றுக்கு அவர் பெயர் உண்டு. ஜெர்மனி தன் பழைய 500 மார்க் பணத்தாளில் அவர் முகத்தை அச்சிட்டது. ஓர் ஆய்வுக் கப்பலும் அவர் பெயரில் ஓடுகிறது.

எந்தப் படத்தை முதலில் பார்க்கலாம்?

சுரினாம் புத்தகத்தின் முதல் படத்தையே. லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் விண்ட்ஸர் அரண்மனைத் தொகுப்பிலும் அவருடைய தோல்தாள் ஓவியங்கள் இருக்கின்றன. பெரிதாக்கிப் பார்க்கும்படி இணையத்திலும் கிடைக்கின்றன. முதல் படம் அன்னாசி. உண்ணும் கனிகளில் இதுவே தலையாயது என்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன் என்கிறார். பழத்தை ஒட்டிய சிற்றிலைகள் சிவப்புப் பட்டுத்துணி போலப் பளபளக்கும். அந்த இலைகளின்மேல் அவர் ஏற்றியிருப்பது கரப்பான்பூச்சிகளை. கம்பளி, துணி, உணவு எல்லாவற்றையும் நாசம் செய்யும், இனிப்பென்றால் விடாது, அதனால்தான் இந்தப் பழத்தில் இருக்கிறது என்று பக்கத்தில் எழுதியிருக்கிறார். படத்தைப் பெரிதாக்குங்கள். இறக்கையின் நரம்பு, காலின் முள், மயிரிழை போன்ற உணர்கொம்பு, எதையும் அவர் விடவில்லை. பழத்துக்குக் கொடுத்த அதே கவனத்தைக் கரப்பானுக்கும் கொடுத்திருக்கிறார்.